தேரைகளுக்காக அடைக்கப்படும் சாலை

இங்கிலாந்தில், பாத் நகரத்தின் வடக்கு ஓரத்தில் சார்ல்கோம் என்றொரு சிற்றூர். பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டி அங்கே ஒரு குறுகலான சாலை போகிறது. பிப்ரவரியில் தொடங்கி மார்ச் கடைசி வரை, சுமார் ஆறு வாரங்களுக்கு, அதில் ஏறக்குறைய அரை மைல் தூரத்துக்கு வண்டிகள் போகாமல் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். 2003-ம் ஆண்டிலிருந்து இது வழக்கம். சாலைப்பணி எதுவும் நடப்பதில்லை. தவளையும் தேரையும் கடக்கின்றன, அவ்வளவுதான்.

மகள் அந்தப் பக்கம் வேலை பார்ப்பதால், ஒரு மார்ச் மாதம் அங்கே தங்கி இதைப் பார்க்க முடிந்தது.

குளிர்காலம் முழுக்க இவை மேட்டுப்பக்கம் மரவேர், கல் இடுக்கு, இலைச்சருகு என்று கிடைத்த இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். குளிர் குறைந்து, பொழுது சாய்ந்தபிறகும் 5 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்து, தரையும் ஈரமாக இருந்தால் கிளம்பிவிடும். கீழே பள்ளத்தில் ஏரி. பெரும்பாலான தேரைகள் தாங்கள் பிறந்த நீர்நிலைக்கேதான் முட்டையிடப் போகும். நடுவில் சாலை போட்டது நாம்தானே!

இருட்டியதும் தன்னார்வலர்கள் ஒளிரும் சட்டை, டார்ச், வாளியோடு வருகிறார்கள். கையில் ஈரமான கையுறை. இவற்றின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வெறும் கையால் தொடுவதில்லை. வாளியில் சேர்ப்பதோடு, எந்த வகை எத்தனை என்று குறித்துக்கொள்ளவும் வேண்டும். அதனால் அடையாளம் தெரியாதவர்களுக்கு முதல் பாடமே அதுதான்.

நடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தவளை நீளமான பின்னங்காலால் தாவிப் பாயும். தேரை அவசரப்படாமல் நடந்து போகும், அல்லது சின்னச் சின்னதாகத் தத்தும். தவளையின் தோல் வழவழப்பு. கண்ணுக்குப் பின்னால் கருந்திட்டு, பின்னங்காலில் பட்டைகள் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பழுப்பு, மஞ்சள், செம்மண் நிறம் என்று ஒரே இரவில் பலவிதமாக வருகின்றன. தேரைக்கு உலர்ந்த, மருமருவான தோல்; செம்பு நிறக் கண்; கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பி. நம் வீட்டுத் திண்ணை விளக்கடியில் பூச்சி பிடிக்க வரும் தேரைக்கும் அதே இடத்தில் அந்தச் சுரப்பி உண்டு. கசப்பான நச்சுப்பால் அதில்தான் இருக்கிறது. நாய் ஒருமுறை கவ்விவிட்டு நுரை தள்ளுவது அதனால்தான்.

முட்டையிலும் வேறுபாடு உண்டு. தவளை முட்டை ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கட்டியாக மிதக்கும். தேரை முட்டை மணி கோத்த கயிறு போல, நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும். இது நம் ஊர்த் தேரைக்கும் பொருந்தும். பல்லி போல வாலோடு, ஆனால் செதில் இல்லாமல் நியூட் என்ற ஒன்றும் அந்தச் சாலையில் ஊர்ந்து போகிறது. சருகென்று நினைத்து மிதித்துவிடலாம் என்பதால் அடி பார்த்து வைக்க வேண்டும்.

ஒரு பெரிய தேரையின் முதுகில் சிறியது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“குட்டியைச் சுமக்குதாம்மா?” என்றேன்.

“இல்லப்பா, மேல இருக்குறது ஆண். ஜோடியைப் பிரிக்காம அப்படியே வாளியில விடணும்” என்றாள் மகள்.

பெண் வரும் வழியில் ஏறிக்கொள்ள ஆண்கள் சாலை நடுவிலேயே காத்து உட்கார்ந்துவிடுகின்றன. திறந்த இடம், பார்வைக்கு வசதி. வண்டிக்கும் அதுதான் வசதி! முதுகுப்பக்கம் லேசாகப் பிடித்தால் ஆண் ‘கீச், கீச்’ என்று கத்தும். பெண் சத்தம் போடாது. ஒரு பெண் தேரை நசுங்கினால் ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதோடு போச்சு.

பிரிட்டனில் 30 ஆண்டுகளில் தேரைகள் சராசரியாக 68 சதவிகிதம் குறைந்துவிட்டன என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கு இப்படி ஆட்கள் வாளியில் தூக்கிவிட்ட இடங்களில் எடுத்தது. தூக்கிவிட ஆள் இல்லாத சாலைகளின் நிலையை நாமே ஊகிக்கலாம். நத்தையையும் பூச்சியையும் தின்று தோட்டத்தைக் காக்கும் கூலியில்லா வேலையாள் அது.

வாளியை வேறு குளத்துக்குக் கொண்டுபோவதில்லை. தண்ணீரோடு நோயும் போய்விடும். போகிற திசையிலேயே, சாலைக்கு அந்தப் புறம் இறக்கிவிடுகிறார்கள்.

மார்ச் முடிந்ததும் தடுப்பை எடுத்துவிடுகிறார்கள். முட்டையிட்டவை அதன்பிறகும் ஒன்றிரண்டாக மேடேறும். கோடை மழையில், விரல் நகம் அளவே உள்ள குட்டித் தேரைகள் ஏரியை விட்டுக் கிளம்பும். அப்போது சாலை திறந்தே கிடக்கும்.