வாத்து வண்டியின் அடிவயிறு

ஷிசுவோகா நகரத்து வீதியொன்றில் ஒரு தபால் பெட்டியைக் கண்டு சற்று நேரம் நின்றுவிட்டேன். கடிதம் போட்டால் ஊர் போய்ச் சேரும் உண்மையான தபால் பெட்டிதான். ஆயினும் பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் பிரித்ததும் கையில் வரும் சட்டத்தைப் போலவே பெரியதாக ஒரு சட்டம் அமைத்து, அதிலிருந்து இன்னும் கத்தரித்து எடுக்கப்படாத ஓர் உறுப்பைப் போல அந்தப் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நகரம் தன் ஜீவனோபாயத்தை இவ்வளவு பிரியத்தோடு தெருவில் கொண்டுவந்து வைத்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜப்பானில் உற்பத்தியாகும் பிளாஸ்டிக் மாடல்களில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரு பிரதேசத்திலிருந்தே வருகிறது. எடோ காலத்தில் இங்குள்ள செங்கென் ஆலயத் திருப்பணிக்கென்று பல ஊர்களிலிருந்தும் வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் வேலை முடிந்த பின்பும் இங்கேயே குடியமர்ந்துவிட்டார்கள் என்றும், அவர்களுடைய கைத்திறனே வழிவழியாக மரச்சாமான்களாகவும் பொம்மைகளாகவும் கடைசியில் பிளாஸ்டிக் மாடல்களாகவும் உருமாறி வந்தது என்றும் ஊரார் சொல்கிறார்கள். இன்று உலகப் பிரசித்தி பெற்ற தாமியா ஸ்தாபனம்கூட 1946-இல் ஒரு மர அறுவை ஆலையாகத்தான் பிறந்தது. ராணுவ வண்டிகளின் மாடல்களுக்கு இன்று எங்கும் வழங்கும் 35-இல் ஒரு பங்கு என்னும் அளவு, 1960களின் தொடக்கத்தில் அந்த ஸ்தாபனத்தார் ஒரு ஜெர்மானிய டாங்கியின் மாடலைச் செய்யப் புகுந்தபோது, மோட்டாரும் பாட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டுமே என்று உடலின் அகலத்தைத் தீர்மானித்ததில் தற்செயலாக வாய்த்தது. பாட்டரியின் பருமன் ஒரு கலைக்கே அளவுகோலாகிவிட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நான் அங்கே சென்றது நீரிலும் நிலத்திலும் செல்லும் வண்டிகளின் மாடல்களைக் காண்பதற்காகவும், அவற்றைச் செய்கிறவர்களோடு இரண்டு நாள் கழிப்பதற்காகவும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் பழித்துப் பேசும் நிலைமையையே ஸ்வபாவமாகக் கொண்ட யந்திரம் இது. சக்கரத்துக்காக உடலைக் குடைந்தால் நீரின் எதிர்ப்பு மிகுகிறது. நீருக்காக உடலை மூடினால், அச்சுத்தண்டு வெளியே வரும் இடந்தோறும் கசிவுக்கு வழி பிறக்கிறது. ஆகவே இத்தகைய வண்டி ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் வண்டியும் படகும் சமரசம் செய்துகொண்டிருக்கின்றன. அந்த இடத்தை அறிந்தவனே அதன் மாடலை உயிருள்ளதாகச் செய்ய முடியும் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ட்வின் மெஸ்ஸே மண்டபத்தில் நடக்கும் மாடல் கண்காட்சியோடு, மாடல் செய்வோர் கழகங்கள் ஒன்றுகூடித் தங்கள் படைப்புகளைப் பரப்பி வைக்கும் கூட்டுக் கண்காட்சி ஒன்றும் 1990 முதல் நடைபெற்று வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்குப் பின்னும் தம் கைவேலையைப் பற்றி யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று காத்திருக்கும் மனிதர்கள். அவர்களில் ஒருவர், பள்ளி ஆசிரியை, ஜெர்மானியரின் ஷ்விம்வாகனைச் செய்து கொண்டுவந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் அந்த வண்டியின் பின்புறத்தில் புரொப்பெல்லர் மேல்நோக்கி மடங்கிக் கிடந்தது. நீரில் இறங்கும்போது அதைக் கீழே தள்ளினால் எஞ்சினின் தண்டோடு இணைந்து சுழலும், முன்சக்கரங்களே சுக்கானாகும், ஆனால் அந்தப் புரொப்பெல்லருக்குப் பின்னோக்கி இழுக்கும் சக்தி கிடையாது. பின்வாங்க வேண்டுமானால் சக்கரங்களை எதிர்த்திசையில் சுழலவிட வேண்டும், அல்லது துடுப்புப் போட வேண்டும். ஆகையால் வண்டியில் எப்போதும் ஒரு துடுப்பு இருந்தது. ஆசிரியை அந்தத் துடுப்பின் கைப்பிடியில் மட்டும் வர்ணம் தேய்ந்து மரம் தெரியும்படி செய்திருந்தார். பலர் அங்கே பிடித்திருப்பார்கள் அல்லவா என்று மெதுவான குரலில் சொன்னார்.

அதற்கடுத்து அமெரிக்கரின் ஃபோர்டு ஜி.பி.ஏ. ஒன்று இருந்தது. ஜீப்பை அப்படியே படகாக்க முயன்று, பளு மிகுந்துபோனதால் கடலலையில் தாழ்ந்துவிட்ட வண்டி அது. போர்க்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய பென் கார்லின் என்னும் ஆஸ்திரேலியர் அங்கேதான் அவ்வகை வண்டியொன்றைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, பிறகு ஒன்றை வாங்கித் திருத்தி ‘ஹாஃப் சேஃப்’ என்று பெயரிட்டு, 1950-இல் ஹாலிஃபாக்ஸில் புறப்பட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து, 1958-இல் மான்ட்ரியலில் உலகப் பிரயாணத்தை முடித்தார் என்பதை நினைத்துக்கொண்டு நான் அந்தச் சிறு வண்டியின் முன் நின்றபோதுதான், பக்கத்து மேஜைப் பெரியவர் என்னைக் கவனித்திருக்கிறார்.

அவர் மாடல்களுக்கான வார்ப்பு அச்சுகளைச் செய்யும் பட்டறையில் ஆயுள் முழுதும் உழைத்து ஓய்வு பெற்றவர். செய்துகொண்டிருப்பது டக் என்னும் அமெரிக்க ராணுவத்தின் நீர்நில வண்டி. வேலை முடியாததால் கண்காட்சிக்குக் கொண்டுவரவில்லை, மறுநாள் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன் என்று, உடன் வந்த நண்பர் மூலம் என்னை அழைத்தார்.

அவர் வீட்டுப் பின்கட்டிலிருந்த அறை, நம் ஊர்ப் பொற்கொல்லரின் பட்டறையை விடப் பெரிதன்று. கீல் வைத்த விளக்கு, பூதக்கண்ணாடி, வரிசை வரிசையாக அரங்கள், தேய்ந்துபோன உப்புத்தாள் துண்டுகளுக்கென்றே ஒரு டப்பா. நடுவில் 27 சென்டிமீட்டர் நீளத்தில் அந்த வண்டி, வாத்து மல்லாந்து கிடப்பதுபோல, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது.

உண்மை வண்டியின் நீளம் 31 அடி. 1942-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ராணுவ லாரியை அடிப்படையாக வைத்து, பந்தயப் படகுகளுக்குப் பேர்போன ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ் ஸ்தாபனத்தார் உடலை வகுத்துத் தந்தார்கள். உற்பத்தி வரிசையில் அதற்கு இடப்பட்ட டி.யு.கே.டபிள்யூ. என்ற நான்கு எழுத்துகளையும் சேர்த்துப் படித்த சிப்பாய்களின் வாயில் அது ‘டக்’, அதாவது வாத்து, ஆயிற்று. ராணுவத்தார் முதலில் அதை ஆர்வத்தோடு ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராவின்ஸ்டவுனுக்கு அருகே கடலோரக் காவல் படகொன்று மணல்திட்டில் மோதி, புயற்காற்றில் எந்தப் படகும் அணுக முடியாதிருந்தபோது, சோதனைக்காக அங்கே இருந்த ஒரு டக் வண்டி கரையிலிருந்து அப்படியே கடலுக்குள் ஓடி ஏழு பேரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. அதன் பிறகு அதைச் சந்தேகித்தவர்களின் வாய் அடைத்துப்போயிற்று. 21,000க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

பெரியவர் முதலில் காட்டியது பக்கச் சுவரின் விளிம்பை. உண்மை வண்டியின் தகடு சில இடங்களில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கனமே உள்ளது. அதை 35-ஆல் வகுத்தால் தலைமயிரின் கனத்துக்கு வந்துவிடும். அவ்வளவு மெல்லிய இடத்தில் உருகிய பிளாஸ்டிக் ஓடி நிரம்பாது. ஆகவே கிட்டில் வரும் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கிறது. அதை உண்மையளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அது வாத்தாக இராது, கவசம் பூண்ட கோட்டையாகிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும் உட்புறமாகச் சாய்த்துச் சீவி, நுனியில் காகிதம் போல ஆக்கிவிடுகிறார். வண்டி முழுவதும் அப்படிச் சீவ அவருக்கு ஒன்பது மாலைகள் ஆயினவாம். சீவின இடத்தை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அடிவயிறு. பின்பக்கத்தில் புரொப்பெல்லர் தரையில் இடிபடாமல் இருப்பதற்காக, உடலையே உள்நோக்கிக் குடைந்து ஒரு சுரங்கம் போல அமைத்திருக்கிறார்கள். வண்டியும் படகும் சமரசம் செய்துகொண்ட இடம் என்று நான் தேடி வந்தது அதுதான். அச்சுத் தொழிலாளிக்கு இதைவிடச் சங்கடமான வடிவம் கிடையாது என்று பெரியவர் விளக்கினார். எஃகு அச்சின் இரு பாதிகள் விலகும்போது உறுப்பு சிக்காமல் கழன்று வர வேண்டுமானால் சுவர்கள் எல்லாம் சிறிதளவாவது சாய்ந்திருக்க வேண்டும். உள்வளைவு இருந்தால் உறுப்பு அச்சைக் கவ்விக்கொள்ளும். அவர் தொழில் பழகிய காலத்தில் சில மடங்கு பெரிதாக மரத்தில் செதுக்கிய மாதிரியின்மேல் ஒரு முனை ஊர்ந்து செல்ல, அதனோடு பிணைத்த மற்றொரு முனை அதே வளைவுகளை எஃகில் சுருக்கி வெட்டும். பின்பு எண்ணெய்க்கல் கொண்டு நாட்கணக்கில் கையால் மெருகிடுவார்கள். இன்று கணினி வரைகிறது. மெருகிடும் கை மட்டும் மாறவில்லை. அச்சின் நிர்ப்பந்தத்தால் கிட்டில் சாய்ந்துவிட்ட சுரங்கச் சுவர்களை அவர் புட்டி வைத்து நிரப்பி, மறுபடி அராவி நிமிர்த்தியிருந்தார்.

சக்கரங்களின் வெளிப்புறத்தில் ஈயக் கம்பியால் வளைத்த நுண்குழாய்கள் ஒட்டியிருந்தன. ஓட்டுபவர் தம் ஆசனத்திலிருந்தபடியே டயர்களின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் டக் வண்டியில் வசதி உண்டு. மணலில் ஏறும்போது காற்றை இறக்கினால் டயர் பரந்து, புதையாமல் நடக்கும். கரை ஏறும் அந்தத் தருணத்தில் புரொப்பெல்லரும் சக்கரங்களும் ஒருங்கே சுழல வேண்டும். பெரியவர் தேர்ந்துகொண்டிருந்ததும் அந்தத் தருணமே.

அதில் அவர் கண்டிருந்த ஒரு நுட்பத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மிதந்து வந்தபோது நீர் எட்டிய உயரத்தில் உடலில் ஓர் ஈரக்கோடு இருக்கும். முன்பக்கம் மணலில் ஏறி நிமிர்ந்ததும், இப்போதைய நீர்மட்டம் உடலைச் சாய்வாக வெட்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, முன்னால் அகன்று பின்னால் குறுகிய ஓர் ஆப்பு வடிவம், இன்னும் நீர் சொட்டிக்கொண்டு கருத்துப் பளபளக்க வேண்டும். அதற்கு மேலே உப்புப் பூத்து வெளுத்திருக்க வேண்டும். அநேகர் ஒரு கோட்டோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று சொல்லி, தாமே பத்து வருஷம் அப்படித்தான் செய்ததாகவும் தெரிவித்தார்.

அலமாரியில் ஜப்பானியரின் கா-மி டாங்கி நின்றது. முன்னும் பின்னும் பூட்டிய மிதவைகளைக் கரை சேர்ந்ததும் உள்ளிருந்தபடியே கழற்றிவிடும் அமைப்பு. இவோ ஜீமாவிலும் ஒகினாவாவிலும் எதிர்த்தரப்பில் கரையேறிய டக்கை இவ்வளவு சிரத்தையோடு செய்கிறீர்களே என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லாமல், சரக்குத் தளத்தில் வெடிமருந்துப் பெட்டிகளின் ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த மிகச் சிறிய துணிச் சுருளைச் சாவணத்தின் நுனியால் சுட்டிக் காட்டினார். காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர். கரைக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டி, திரும்பும்போது காயம்பட்டவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும். “போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று” என்று அவர் சொன்னதை நண்பர் மொழிபெயர்த்தார்.

பிற்பகலில் நீர் வார்க்கும் வேலை. வண்டியை மணல்மேட்டில் பதித்து ஒட்டுவதற்கு முன், முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை மேஜையில் வைத்து, வண்டியை அதன் மேலாகத் தூக்கிப் பிடித்து, அடிவயிற்றை எனக்கு இன்னொரு முறை காட்டினார்: நிமிர்ந்த சுவர்கள், பித்தளைப் புரொப்பெல்லர், சுக்கான், ஆறு சக்கரங்களுக்கும் போகும் தண்டுகளின் உறைகள். பிறகு தெளிந்த எப்பாக்ஸி பிசினில் நீலமும் பச்சையும் ஒவ்வொரு சொட்டுக் கலந்து, மெல்ல மெல்ல வார்த்தார். ஒரே வார்ப்பில் ஊற்றினால் பிசின் சூடேறிப் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். ஆகவே சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் அடுக்கு, பின்பு ஒரு நாள் பொறுமை, பின்பு மறு அடுக்கு. சுரங்கத்தின் கூரையில் ஒரு குமிழி தங்கியது. ஊசி முனையால் அதை வெளியே அழைத்துவந்து உடைத்தார். தூசி விழாமல் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இந்த மாதத்துத் தேயிலை புதிதாக வந்திருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.