உப்புமூட்டை தூக்கிக்கொண்டு தீமிதி... ஸ்பெயின் கிராமத்தின் ஜூன் 23 இரவு!

ஸ்பெயின் திருவிழா என்றதும் காளைகள் விரட்டும் பம்ப்லோனாவும், தக்காளியை வீசிக்கொள்ளும் புன்யோலும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், அதே ஸ்பெயினில் ஒரு சின்ன ஊர், நம்மூர் அம்மன் கோயில்களைப் போலவே வருடா வருடம் பூக்குழி இறங்குகிறது என்றால் நம்புவீர்களா? அதுவும் தனியாக இல்லை, முதுகில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு!

ஊரின் பெயர் சான் பெத்ரோ மன்ரிகே. வட ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 600. ஆனால், தீமிதி பார்க்கக் கட்டியிருக்கும் படிக்கட்டு அரங்கத்தில் 3,000 பேர் உட்காரலாம். ஊரைவிட அரங்கம் பெரிது!

நள்ளிரவில் தணல்

ஜூன் 24 புனித யோவான் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் 'பாசோ தெல் ஃபுவேகோ', அதாவது 'நெருப்பைக் கடத்தல்'. பாறை மாதா சிற்றாலயத்தின் முன்னால் சுமார் இரண்டு டன் ஓக் விறகை அடுக்கி, மாலை மங்கும் நேரத்தில் தீ வைப்பார்கள். சில மணி நேரத்தில் விறகெல்லாம் கனலாகிவிடும். நீண்ட கழிகளால் அதை அடித்துத் தட்டி, சமமாகப் பரப்புவார்கள். ஒரு சின்னக் கல்லோ ஆணியோகூட கிடக்கக் கூடாது. அது காலைச் சுட்டுவிடும்.

நள்ளிரவில் ஊர்வலம் வந்து சேரும். தீ மிதிப்பவர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொள்வார். முதுகில் மனைவியோ, மகளோ, அம்மாவோ, நண்பரோ ஏறிக்கொள்வார். எக்காளம் ஒலித்ததும் நடக்க வேண்டியதுதான். ஓடுவதில்லை. ஒவ்வோர் அடியையும் அழுத்திப் பதித்து, ஆறேழு மீட்டரைக் கடப்பார்கள். மறுகரையில் கட்டிப்பிடித்து அழும் சொந்தங்கள் காத்திருப்பார்கள்.

"எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் கால் சுடாது" என்பது உள்ளூர் நம்பிக்கை. அறிவியல் வேறு காரணம் சொல்கிறது. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படியும் சாம்பலும் ஒரு தடுப்பு. பாதம் தணலைத் தொடும் நேரமும் மிகக் குறைவு. ஆனால், கொஞ்சம் தயங்கி நின்றாலும், கால் தணலுக்குள் புதைந்தாலும் கொப்புளம் நிச்சயம்.

மூன்று மோந்திதாக்கள்

இந்த விழாவின் நாயகிகள் 'மோந்திதாக்கள்' எனப்படும் மூன்று இளம்பெண்கள். ஒவ்வோர் ஆண்டும் குலுக்கல் முறையில் தேர்வு செய்யப்படுகிறார்கள். அன்றிரவு இவர்களையும் முதுகில் சுமந்து தணலைக் கடக்கிறார்கள். மறுநாள் காலை வெள்ளை உடை உடுத்தி, மாவு பூசிய நீண்ட குச்சிகள் செருகிய, பூக்களால் அலங்கரித்த கூடையைத் தலையில் வைத்தபடி ஊர்வலம் வருவார்கள். நம்ம முளைப்பாரி ஊர்வலம்தான் சட்டென்று நினைவுக்கு வரும்!

இதயம் சொன்ன கதை

மானுடவியல் ஆய்வாளர் டிமிட்ரிஸ் சிகலாட்டாஸும் அவரின் குழுவினரும் இங்கே வித்தியாசமான ஓர் ஆய்வு செய்தார்கள். தீ மிதிப்பவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். முடிவு 2011-ல் வெளியானது. தீ மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கும் அதே போக்கில், படிக்கட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்த அவரின் சொந்தங்கள், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் இந்த ஒற்றுமை இல்லை.

இதே சிகலாட்டாஸ் குழு பிறகு மொரீஷியஸில் தமிழர்களின் தைப்பூசக் காவடியையும் ஆராய்ந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் மட்டுமல்ல, அவர்களுடன் கூடவே நடந்தவர்களும், கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட அதிகமாக நன்கொடை கொடுத்தார்கள் என்று 2013-ல் எழுதினார்கள். ஒருவரின் வேண்டுதல், பக்கத்தில் நிற்பவரையும் மாற்றுகிறது!

காலியாகும் ஊர்கள்

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் இந்த விழாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? வரைபடத்தில் சுற்றுப்புறத்தைப் பார்த்தால் புரியும். ஸ்பெயினிலேயே மிகக் குறைவான மக்கள் வசிக்கும் மாகாணங்களில் ஒன்று சோரியா. வேலை தேடி நகரங்களுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பக்கத்து ஊரான சர்னாகோவில் 1970-களின் இறுதிக்குள் கடைசிக் குடியிருப்பாளரும் வெளியேறிவிட்டார். வீடுகள் இடிந்தன, தேவாலயத்தின் கூரை சரிந்தது.

ஆனால், சர்னாகோவுக்கும் ஒரு மோந்திதா விழா உண்டு. ஊரைவிட்டுப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் சங்கம் அமைத்து, ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் திரும்பி வந்து அதைக் கொண்டாடுகிறார்கள். விழாவுக்காக வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்களையும் எழுப்பினார்கள். ஆளே இல்லாத ஊரைத் திருவிழா பிடித்து வைத்திருக்கிறது!

சான் பெத்ரோவில் ஜூன் 23 இரவு தணலைக் கடப்பவர்களில், அதற்காகவே நகரத்திலிருந்து லீவு போட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சிறு வயதில் அப்பாவின் முதுகில் உப்புமூட்டை ஏறித் தணலைக் கடந்த பிள்ளை, வளர்ந்து அதே இடத்தில் இன்னொருவரைச் சுமக்கிறது. கூடுதல் சுமை காலை இன்னும் அழுத்தும்தான். ஆனால், முதுகில் ஓர் ஆள் இருக்கும்போது நடுவில் நின்றுவிட முடியாது இல்லையா?