கேஸ் எங்கே போயிற்று?

கார் ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருஷங்களில் கொஞ்சம் குறையலாம். ஆனால் சித்திரைக்குச் சித்திரை கேஸ் அடிக்க வேண்டியிருந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் கசிவுக்கும் தப்பி ஓடுவதற்கும் ஒரே சொல்தான்: 'ஃப்யூயித்'. ஓடிப்போனதைப் பிடிக்க, ஓடிய வழியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் இரண்டு கோடை தொடர்ந்து கேஸ் அடித்தார்கள். கசிவை யாரும் தேடவில்லை. மாதம் ஒருமுறை துணைவியாரை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டும். மே மாத வெயிலில், காருக்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். மூன்றாம் கோடையில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அந்தத் தம்பி கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை, டார்ச்சை எடுத்தார்.

எண்ணெய்க் கறையைத்தான் தேடினார். கம்ப்ரஸர் எண்ணெயும் கேஸோடு சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுக்குப் பிடித்துத் தூசி அப்பிக்கொள்ளுமாம். பிறகு நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரின் ஓரத்தில் குமிழி கிளம்பியது. அது அலுமினியம், நம்மூர் உப்புக்காற்று அதை அரித்துவிடும்.

சோப்புக்கு அகப்படாத சிறு கசிவுக்கு வேறு வழிகள் உண்டு. கேஸை மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவி ஒன்று. எண்ணெயோடு சாயம் கலந்து ஓடவிட்டு, புறஊதா விளக்கில் ஒளிரும் இடத்தைப் பார்ப்பது இன்னொன்று. டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில் கசிந்தால், தண்ணீர் வடியும் குழாயருகே மோப்பக் கருவியைப் பிடிப்பார்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர்தான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கண்டென்சரை மாற்றிய பிறகு, வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார். பம்ப்பை நிறுத்தி, அரைமணி நேரம் மீட்டர் முள் அசையவில்லை என்று பார்த்த பிறகே கேஸை எடைபோட்டு ஏற்றினார். சிறிய கார்களுக்குச் சுமார் அரைக் கிலோ போதும்.

இது நம் பணத்தோடு முடியும் விஷயமும் அல்ல. பழைய ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால், 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அதை ஒழித்தார்கள். பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயு செய்யும் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

அலுவலகத்தில் ரொக்கம் குறைந்தால், சட்டைப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினால் கணக்கு நேராகிவிடாது. வவுச்சரைத் தேடியாக வேண்டும். ஏசியும் அப்படித்தான். பென்ஷன் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், "தம்பி, லீக் எங்கே?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் மட்டும் கேஸ் அடிக்கச் சொல்லுங்கள்.