விமானம் வேண்டாம், அதிட்டானம் போதும்

கொடும்பாளூர்ப் பக்கம் கண்மாயைப் பார்த்த மனையில் வீடு கட்ட என்னிடம் வந்தவர், மூவர் கோயில் விமானத்தின் படத்தை நீட்டினார். அதன் குதிரைலாட வடிவக் கூடுகள் மாடிச் சுவரில் சிமெண்டில் வர வேண்டும் என்றார். அந்த விமானங்களின் மேல் எனக்குத் தீராத பிரியம். அதனாலேயே மறுத்தேன்.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் இருக்குவேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. வடக்கே இருந்ததற்கு அதிட்டானம் என்னும் அடிப்பீடம் மட்டுமே மிச்சம். கட்டடம் கட்டுகிறவர்கள் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் அதுதான். மேலே கண்ணை இழுக்க ஒன்றுமில்லை; கட்டடம் மண்ணில் எப்படி உட்கார்கிறது என்பது மட்டும் தெரியும்.

கண்மாய்க் கரை வீட்டுக்கும் அதுதானே முதல் கேள்வி! இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கிய லுனுகங்கா தோட்டத்தில், வீட்டிலிருந்து ஏரி தெரிவதற்காக மேட்டையே தாழ்த்தினார். அங்கே தண்ணீர் எப்போதும் உண்டு. புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகி, சித்திரையில் வெடித்த மண்ணாகக் கிடக்கும். நீர்ப்பிடிப்புப் பக்கம் நிலம் தட்டை; ஓரடி ஏறினாலே விளிம்பு வெகுதூரம் நகர்ந்துவிடும். ஆகவே காட்சியை ஒதுக்கிவைத்துக் கண்மாய் நிரம்பி வழியும் கலிங்கின் மட்டத்தை அளந்தோம். வீட்டைப் பின்னால் தள்ளி, தரையை அந்த மட்டத்துக்கு நன்றாக மேலே வைத்தோம். திண்ணையிலிருந்து அகலப் படிகள் இறங்கும். தண்ணீர் வராத மாதங்களில் அவை உட்காரும் இடம்.

அடித்தளம் முழுக்க உள்ளூர்க் கருங்கல். அது ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. ஓதம் மேலே ஏறுவது குறையும். அதன் மேல் செங்கல்லும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும். சுவருக்குள் போன ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். சிமெண்ட் பூச்சு உள்ளேயே அடைத்துவைக்கும்.

மெஷினில் அறுத்த பலகைக்கல் மலிவு, வேகம். ஆனாலும் படிக்கு உளி கொத்திய முகமே வேண்டும். ஈரத்தில் கால் வழுக்காது. "கல்லோட ஓட்டம் பார்த்து உடைச்சாத்தாங்கய்யா விளிம்பு நிக்கும்" என்றார் கல் தச்சர். வரிசையாகத் துளைபோட்டு, ஆப்பு இறக்கிப் பிளந்தார். பழைய பாறைகளில் இன்றும் தெரிகிற ஆப்புத் தடங்களின் முறைதான் அது.

கூடு ஒன்றாவது வேண்டும் என்று வீட்டுக்காரர் கடைசிவரை கேட்டார். அதற்கு ஒதுக்கிய பணத்தைத் திண்ணையைச் சுற்றி, அதிட்டானத்தில் வரும் உருள்வடிவக் குமுதப் படை செதுக்கும் கூலிக்கு மாற்றச் சொன்னேன். சம்மதித்தார்.