கட்டில் கால் கடைபவரிடம் கியூ கேட்டால்

2025 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் பெண்களுக்கான உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். பட்டத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஆடுகிற கோலான கியூவை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் அந்த ஆட்டம் 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்தது. அதன் விதிகள் எழுத்தாகிச் சுவரில் ஏறியது நம் ஊட்டி கிளப்பில். கியூவின் கைப்பிடிப் பகுதிக்கு உலகம் முழுவதும் கேட்கப்படும் மரங்களில் ஒன்றான ஈட்டி, தேனி மாவட்டம் போடி அருகேயுள்ள ராசிங்காபுரத்துக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளில் வளர்கிறது. அடிவாரத்திலும் போடியிலும் மரம் கடையத் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. பிறகு ஏன் இங்கே ஒரு கியூகூடப் பிறக்கவில்லை? மரம் இல்லை, இயந்திரம் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வேலைக்கு வேண்டிய முதல் சரக்கு, மரத்தைச் சும்மா தொங்கவிட்டுவிட்டுக் காத்திருக்கும் அவகாசம். பட்டறைக்காரரிடம் அது கிடையாது. பொழுதுபோக்காகக் கற்க வருபவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

கட்டில் கால் கடைபவரைப் பார்த்தால் இது விளங்கும். கட்டையை இரு முனையில் பிடித்து ஓடவிட்டு, தாங்கியில் உளியை ஊன்றி, முதலில் மூலை தட்டுகிறார். சீவல் காலடியில் குவிகிறது. உருண்டை வந்ததும் அதே பிடியில் குமிழும் பள்ளமும் இறங்குகின்றன, உப்புத்தாள் போடுகிறார், அடுத்த கட்டை ஏறிவிடுகிறது. தடித்த குட்டைக் கட்டை என்பதால் அது தாங்கும். கியூவின் மேல்பாதித் தண்டு அப்படியல்ல. ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நீளம். முனையின் விட்டம் பூல் ஆட்டத்துக்கு 13 மில்லிமீட்டர், ஸ்நூக்கருக்கு 10 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லியதை ஒரே மூச்சில் கடைந்தால் உளியின் அழுத்தத்தில் நடுப்பகுதி துள்ளும். அதைச் சமாளித்துவிடலாம், மோசமானது பிறகுதான் வரும். வளர்ந்த காலத்து இறுக்கம் மரத்துக்குள் இருக்கிறது. மேல்தோலை எடுத்ததும் அந்த இறுக்கம் இடம் மாறி, நேற்று நேராக இருந்த தண்டு இன்று வளைந்து நிற்கும். அதனால் அனுபவப்பட்டவர்கள் சதுரக் கட்டையை உருட்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். சாய்த்து வைத்தால் சொந்த எடையிலேயே வளையும் என்பதால் செங்குத்தாகத் தொங்கவிடுகிறார்கள். சில வாரம் கழித்து மெல்லிசாக ஒரு சுற்றுச் சீவல், மறுபடி தொங்கல். வளைய வேண்டியது வளைந்து தீரட்டும் என்று விட்டு, அடுத்த சீவலில் அதை நேராக்குவதுதான் முறை. ஒரு தண்டுக்கு மாதக்கணக்கு ஆகும், வருடத்தைத் தாண்டுபவர்களும் உண்டு. கடைசியில் சமதளக் கண்ணாடிமேல் உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மேலே சாரலும் கீழே ஆடி மாதக் காய்ந்த காற்றும் அடிக்கிற இந்த அடிவாரத்தில் இந்தப் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும்.

பீஸ் ரேட்டில் கடைபவரிடம் போய், இதை ஆறு வாரம் தொங்கவிடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். மரம் வியாபாரியுடையது, கூலி எண்ணிக்கைக்கு, முன்பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. தொங்குகிற கட்டைக்கு யார் கூலி தருவார்? கட்டில் காலிலும் மரம் காய்ந்திருந்தால் நல்லது என்பது அவருக்குத் தெரியும். பச்சை வாசம் போகாத கட்டையை அவர் தலையில் கட்டுவது வியாபாரிதான். பிறகு கால் வெடித்தால் வேலை சரியில்லை என்று பெயர் கெடுவது கடைந்தவருக்கு. நம் ஊர்க் கைவினை மட்டமாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் கையைக் குறை சொல்கிறார்கள். கையை அவசரப்படுத்துகிற கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பொழுதுபோக்குக்காரர் அப்படி என்ன சாதித்துவிடுவார் என்று கேட்கலாம். ரஷ்யாவில் 1912-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் பலபுஷ்கா மரப்பொம்மை, மேசை நாற்காலி வேலை பார்த்தவர். 1959-இல் புரூக்ளினில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் பங்கு வாங்கி, பழுது பார்க்கத் தொடங்கி, நண்பர்களுக்குப் பரிசாகக் கியூ செய்து கொடுத்தார். 1975-இல் இறப்பதற்குள் அந்தத் தொழிலிலேயே மிக மதிக்கப்படும் பெயர் அவருடையதாகியிருந்தது. கைப்பிடிக்கான ஒட்டுக்கட்டையைப் பெரும்பாலும் பிறரிடம்தான் வாங்கினார். போடிக்காரர் ஒருவர் தண்டுக்கு ஆஷ் அல்லது மேப்பிளை வெளியிலிருந்து வாங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏலத்தோட்டத்துச் சில்வர் ஓக் பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் ஆகும், தண்டுக்கு ஆகாது.

ஈட்டியை வெட்டலாமா என்பது நியாயமான கேள்வி. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், பட்டா நிலத்து ஈட்டியானாலும் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது என்றது. 2017-இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இரண்டும் சரிதான், நின்ற மரம் நிற்கட்டும். கைப்பிடிக்கு வேண்டியது ஒன்றரை முழத்துக்குச் சற்றுக் கூடுதலான கட்டை. இடித்த வீட்டு நிலையிலும் உடைந்த கட்டில் சட்டத்திலும் ஐம்பது அறுபது வருடம் காய்ந்த ஈட்டி கிடைக்கும். காத்திருப்பில் பெரும்பகுதியை அது முன்பே முடித்துவிட்டது. சீனத்து இயந்திரக் கியூ மலிவு, கார்பன் ஃபைபர் தண்டு வளையவே வளையாது என்பதும் உண்மை. வாங்கி ஆடுகிறவருக்கு அவை போதும். நான் பேசுவது செய்யக் கற்க விரும்புகிறவரைப் பற்றி. வளையாத பொருளிடம் அவர் மரத்தின் குணத்தைக் கற்க முடியாது. ராசிங்காபுரத்தில் ஆட மேசை எங்கே என்ற கிண்டலுக்கு மட்டும் என்னிடம் பதில் சுருக்கம்: கேரம் பலகை செய்கிற ஊரெல்லாம் கேரம் சாம்பியன்களின் ஊரில்லை.

கற்க வருகிறவர் முதல் வேலையாக முனையிலுள்ள தோலை மாற்றிப் பழகலாம். பழையதைச் சீவி எடுத்து, தளத்தைச் சமமாக்கி, புதுத் தோலை ஒட்டி, விளிம்பைத் தண்டோடு ஒன்றாக்கி, தலையைக் குவிக்க வேண்டும். பசை பிசகினால் அடுத்த பலமான அடியிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கடைசல்காரரைத் தேடிப் போகட்டும். போனால் எத்தனை தண்டு, ஒன்றுக்கு எவ்வளவு என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. மரம் தன்னுடையது, வளைந்தால் நட்டமும் தன்னுடையது, கூலி நாள் கணக்கில், இன்றைக்கு ஒரு சுற்று, அடுத்த சுற்றுக்கு அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். கட்டையைத் தொங்கவிட ஆணி அடிக்கிற இடத்தை அவரே காட்டுவார்.