ஆனை வழி விடல்ல

வாப்பா சைக்கிளில் சீலைகளைக் கட்டிக்கொண்டு பொத்துவிலிலிருந்து பாணமைக்கு வியாபாரத்திற்குப் போவார். சில நாட்களில் மஃரிபுக்கு வெகுநேரம் பிந்தித்தான் வீடு சேர்வார். "ஆனை வழி விடல்ல மகன்" என்பார். எனக்கு அது சாட்டாகவே பட்டது.

அவர் மௌத்தாகிப் பல வருடங்களின் பின் அந்தப் பாதையில் போனேன். பொத்துவிலில் ஏறிய பஸ் அறுகம்பைப் பாலத்தைக் கடந்து, வயல்களும் களப்பும் கற்பாறைகளும் மாறிமாறி வரும் வழியால் பாணமைக்குக் கொண்டுபோய் விட்டது. உகந்தைக்கு இன்னும் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். ஓட்டோதான் கதி.

"திரும்பி வாறதுக்கும் சேத்துப் பேசுங்க நானா. அங்க வாகனம் கிடைக்காது. இருட்டினா நான் ஓடமாட்டன்" என்றான் பையன்.

உகந்தையில் குன்றும் முருகன் கோயிலும் கடலும் ஒன்றாய் நின்றன. பக்கத்தில் குமண வனத்தின் வாசல். போரினால் 1985இல் மூடப்பட்டு 2003இல் திறந்த வனம். உள்ளே போக ஜீப் வேண்டும். வாசலோடு திரும்பினோம்.

அஸர் கழிந்து வருகையில் பாதை நடுவே ஒற்றை ஆனை. பையன் எஞ்சினை அணைத்தான். இருவரும் மூச்சுக் காட்டவில்லை. அது காதை அசைத்தபடி நின்றது. அரைமணி நேரம் போல நின்றுவிட்டுக் காட்டுக்குள் இறங்கிற்று.

எனக்குப் பக்கத்தில் ஒருவன் இருந்தான். வாப்பாவுக்குச் சைக்கிளும் சீலைப் பொதியுமே இருந்தன.

பாணமையில் கடைசி பஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. வீடு சேரும்போது இஷாவும் தாண்டிவிட்டது.

"ஏன் வாப்பா இவ்வளவு நேரம்?" என்றான் என் மகன்.