கண்டங்கத்தரி

கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம் என்று தாவர சாஸ்திரம் சொல்லுகிறது. இவர்கள் அத்தனை பேரும் சமையலறைக்குள் வந்து மரியாதையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு முரட்டுப் பிள்ளை மட்டும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று தரிசிலும் ரயில் பாதை ஓரத்திலும் படுத்துக் கிடக்கிறது. அதுதான் கண்டங்கத்தரி.

தண்டிலும் இலையிலும் ஊசி ஊசியாக மஞ்சள் முள். நடுவில் நட்சத்திரம் போல ஊதாப் பூ. காய் பச்சையில் வெள்ளைக் கோடு. பழுத்தால் நல்ல மஞ்சள். அழகுதான், ஆனால் கை வைக்க முடியாது. வைத்தியர்கள் இதை விடவில்லை. ஐந்து வேர்கள் சேர்ந்த சிறுபஞ்சமூலத்தில் இதுவும் ஒன்று. அந்தப் பெயரையே காரியாசான் தம் நீதி நூலுக்கு வைத்தார்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை அறியாதவர் உண்டா? எங்கள் வீடு அங்கிருந்து சற்றுத் தள்ளி, தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. அப்பா ஓயாமல் பீடி குடிப்பார், இரவெல்லாம் இருமுவார். புகையிலையும் கண்டங்கத்தரியின் சொந்தக்காரன்தான் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

"லயன் ஓரமாகக் கண்டங்கத்தரி கிடக்கும். வேரோடு பிடுங்கிக்கொண்டு வாடா" என்று ஒரு மாலை பாட்டி என்னை அனுப்பினாள். போனேன். செடி இருந்தது. தொட்டதும் முள் சுருக்கென்று தைத்தது. பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாடிவிட்டுத் திரும்பி, "ஒன்றுகூட இல்லை பாட்டி" என்றேன்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. கண்ணில் புரை விழுந்தவள், இருட்டுகிற நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அரைமணி கழித்து முந்தானையில் செடியை முடிந்துகொண்டு வந்தாள். விரல்களில் ரத்தம்.

"கண் தெரியாமல் எப்படியம்மா கண்டுபிடித்தாய்?" என்றார் அப்பா.

"கண் எதற்கு? குத்தினதும் இதுதான் என்று தெரிந்துவிட்டது."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சுக்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். கஷாயத்தினாலோ, அசதியினாலோ, அன்று அப்பா தூங்கினார். நான் தூங்கவில்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த மறுநாள் வரவே இல்லை, பாட்டிதான் போய்விட்டாள்.

சென்ற வாரம் எனக்கு இருமல். டாக்டரின் மாத்திரையோடு, நாட்டு மருந்துக் கடையில் கண்டங்கத்தரித் தூளும் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து விரலால் துழாவிப் பார்த்தேன். மாவாக இருந்தது. ஒரு முள்கூட இல்லை.